வான்ஸ் ஆர்வி-7, ஆர்வி-9 ஒப்பீடு

வான்ஸ் ஆர்வி-7, வான்ஸ் ஆர்வி-9 ஆகியன ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் வடிவமைத்த, இருவர் அருகருகே அமரக்கூடிய, ஒற்றைப் பொறி கொண்ட இலகு வானூர்திகள் ஆகும். இவை தொழிற்சாலையில் முழுமையாக உருவாக்கப்பட்டு விற்கப்படுவன அல்ல. கிட் எனப்படும் பாகத்தொகுதியாக வாங்கி, உரிமையாளர் தாமே கட்டி முடிக்கும் வகையைச் சேர்ந்தவை.

ஓடுதளத்தில் நிற்கும்போது இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எளிதன்று. இவற்றின் உடற்பகுதியும் விமானி அறையும் ஏறத்தாழ ஒன்றே. முதன்மை வேறுபாடு இறக்கையிலும் கிடைமட்ட வாற்பரப்பிலும் உள்ளது. இதன் விளைவாக ஒன்று வான்சாகசத்துக்கு ஏற்றதாகவும், மற்றொன்று மெதுவாகத் தரையிறங்கிச் சிக்கனமாக நெடுந்தொலைவு பறப்பதற்கு ஏற்றதாகவும் அமைந்துள்ளன. ஒரே உடலில் இறக்கையை மாற்றினால் வானூர்தியின் இயல்பு எவ்வளவு மாறும் என்பதற்கு இவ்விணை நல்ல எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை ரிச்சர்டு வான்குரன்ஸ்வென் 1973 ஆம் ஆண்டில் நிறுவினார். ஆர்வி என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் குறிக்கும். 1971 இல் முதன்முதலாகப் பறந்த ஆர்வி-3 என்னும் ஒற்றை இருக்கை வானூர்தியே நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருளாகும். அதன்பின் ஒருவர் பின் ஒருவராக அமரும் ஆர்வி-4 உம், இருவர் அருகருகே அமரும் ஆர்வி-6 உம் வெளிவந்தன.

ஆர்வி-9 வடிவமைப்பு 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. அதுவரை வெளிவந்த ஆர்வி வானூர்திகள் குறுகிய இறக்கையும் விரைந்து திரும்பும் இயல்பும் கொண்டவை. வான்சாகசத்தில் ஆர்வம் இல்லாதவர்கள், பயிற்சி வானூர்தியிலிருந்து நேரடியாக ஆர்விக்கு மாறுபவர்கள், 118 குதிரைத்திறன் போன்ற சிறிய பொறியைப் பயன்படுத்த விரும்புபவர்கள் ஆகியோருக்கு ஏற்ற அமைதியான வானூர்தி ஒன்றை உருவாக்குவதே ஆர்வி-9 இன் நோக்கமாகும்.

ஆர்வி-7 ஆனது 2001 ஆம் ஆண்டில் ஆர்வி-6 க்கு மாற்றாக அறிமுகமானது. முன்னதைவிடக் கூடுதலான தலையிடமும் காலிடமும், பெரிய எரிபொருள் தாங்கிகளும், 200 குதிரைத்திறன் வரையிலான பொறியைப் பொருத்தும் வசதியும் இதில் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஆர்வி-6 இன் அடிப்படை இயல்பான விரைவும் சாகசத்திறனும் அப்படியே பேணப்பட்டன.

பெயரிடல்

இரு மாதிரிகளும் இருவகைச் சக்கர அமைப்புகளில் கிடைக்கின்றன. எண்ணுக்குப் பின் எழுத்து இல்லாதது வாற்சக்கரம் கொண்ட வகையாகும். ஆர்வி-7ஏ, ஆர்வி-9ஏ என ஏ சேர்ந்து வருவது மூக்குச்சக்கரம் கொண்ட வகையாகும். இக்கட்டுரையில் ஆர்வி-7, ஆர்வி-9 எனக் குறிப்பிடும் செய்திகள் தனியே சுட்டப்படாத இடங்களில் இருவகைக்கும் பொருந்தும்.

பொதுவான கூறுகள்

இரண்டும் அலுமினியக் கலப்புலோகத் தகடுகளை ரிவெட் கொண்டு இணைத்துக் கட்டப்படும் தாழ்நிலை இறக்கை வானூர்திகள் ஆகும். தகடுகளில் துளைகள் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களால் முன்கூட்டியே இடப்பட்டு வருகின்றன. ஒரு பாகத்தின் துளையும் அதனோடு இணையும் பாகத்தின் துளையும் பொருந்தும்போது பாகங்கள் தாமாகவே சரியான வடிவில் நிற்கும். பழைய ஆர்வி மாதிரிகளுக்குத் தேவைப்பட்ட பெரிய சட்டங்கள் இவற்றுக்குத் தேவையில்லை.

கிட்டானது வால், இறக்கை, உடற்பகுதி, நிறைவுப் பாகங்கள் எனப் பிரிவுகளாக விற்கப்படுகிறது. பொறி, புரொப்பெல்லர், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றைக் கட்டுபவர் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டி முடிக்கப் பொதுவாகப் பல ஆண்டுகளின் ஓய்வுநேரம் செலவாகும். வேலையின் ஒரு பகுதி தொழிற்சாலையிலேயே முடிக்கப்பட்ட விரைவுக் கிட்டும் உண்டு.

பெரும்பாலோர் முதலில் கட்டுவது வாற்பகுதியையே. அளவில் சிறியது என்பதால் ரிவெட் வேலையைப் பழகிக்கொள்ள அது ஏற்றது. ஆனால் இரு மாதிரிகளின் கிடைமட்ட வாற்பரப்புகளும் வேறானவை. ஆர்வி-9 இன் வாற்பரப்பு நீளமானது, சீரான அகலமுடையது. ஆகவே, எந்த மாதிரி என்பதை முதல் ரிவெட் அடிக்கும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும்.

தொழினுட்பத் தரவுகள்

| கூறு | ஆர்வி-7 | ஆர்வி-9 |
|---|---|---|
| இறக்கை நீட்டம் | 7.62 மீ (25 அடி) | 8.53 மீ (28 அடி) |
| இறக்கைப் பரப்பு | 11.24 ச.மீ (121 ச.அடி) | 11.52 ச.மீ (124 ச.அடி) |
| நீள அகல விகிதம் | 5.2 | 6.3 |
| உச்ச எடை | 816 கிகி (1,800 பவுண்டு) | 794 கிகி (1,750 பவுண்டு) |
| பொறித்திறன் | 150–200 குதிரைத்திறன் | 118–160 குதிரைத்திறன் |
| எரிபொருள் கொள்ளளவு | 159 லிட்டர் | 136 லிட்டர் |
| ஸ்டால் வேகம் (உச்ச எடையில்) | மணிக்கு 93 கிமீ (58 மைல்) | மணிக்கு 80 கிமீ (50 மைல்) |
| மீறக்கூடாத வேகம் | மணிக்கு 370 கிமீ (230 மைல்) | மணிக்கு 338 கிமீ (210 மைல்) |
| வான்சாகசம் | உண்டு | இல்லை |

118 குதிரைத்திறன் பொறி பொருத்திய ஆர்வி-9 இன் உச்ச எடை 726 கிலோகிராம் (1,600 பவுண்டு) ஆகும்.

இறக்கை

ஆர்வி-7 இன் இறக்கை நாகா 23013.5 என்னும் காற்றிதழைக் கொண்டது. இது 1930களில் உருவான ஐந்திலக்கக் காற்றிதழ்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆர்வி-9 இன் காற்றிதழை ஜான் ரான்ஸ் என்னும் காற்றியக்கவியல் வல்லுநர் வடிவமைத்தார். 1986 இல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் வானூர்தியின் காற்றிதழ்களும் இவருடைய வடிவமைப்பே.

பிளாப் எனப்படும் இறக்கைப் பின்விளிம்பு மடக்குகளிலும் வேறுபாடு உண்டு. ஆர்வி-7 இல் இருப்பது கீழ்நோக்கி மடங்கும் எளிய பிளாப் ஆகும். ஆர்வி-9 இல் பெரிய, இடைவெளியுள்ள பிளாப் பயன்படுகிறது. அது இறங்கும்போது இறக்கைக்கும் பிளாப்புக்கும் இடையே ஒரு பிளவு திறக்கிறது. கீழ்ப்புறக் காற்று அப்பிளவு வழியே மேற்புறத்துக்குப் பாய்ந்து, அங்கு காற்றோட்டம் பிரிந்து விலகுவதைத் தாமதப்படுத்துகிறது.

ஸ்டால் வேகம் குறைவதன் காரணம்

ஸ்டால் வேகம் என்பது வானூர்தியைத் தாங்குவதற்குத் தேவையான ஏற்றத்தை இறக்கை அளிக்கக்கூடிய மிகக் குறைந்த வேகமாகும். ஆர்வி-9 இன் இறக்கை பெரியது, அதனால் அது மெதுவாகப் பறக்கிறது என்று பலர் கருதுவதுண்டு. தரவுகளை நோக்கின் இது முழுமையான விளக்கம் அன்று எனத் தெரியும்.

இரண்டின் இறக்கைப் பரப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 3 சதுர அடி மட்டுமே. உச்ச எடையில் ஆர்வி-7 இன் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் சுமார் 73 கிலோகிராமைத் தாங்குகிறது. ஆர்வி-9 இல் இது சுமார் 69 கிலோகிராம். ஸ்டால் வேகம் இச்சுமையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே இவ்வேறுபாட்டினால் மட்டும் ஸ்டால் வேகம் 3 விழுக்காடு அளவே குறைந்திருக்க வேண்டும். உண்மையில் அது 58 மைலிலிருந்து 50 மைலாக, அதாவது ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்துள்ளது.

எஞ்சிய வேறுபாடு காற்றிதழிலிருந்தும் பிளாப்பிலிருந்தும் வருகிறது. ஏற்றச் சமன்பாட்டில் மேற்கண்ட அளவுகளை இட்டுக் கணித்தால், கடல்மட்டத்தில் ஆர்வி-7 இன் பெரும ஏற்றக் குணகம் சுமார் 1.7 எனவும், ஆர்வி-9 இனது சுமார் 2.2 எனவும் கிடைக்கும். ஆர்வி-9 இன் இறக்கை அளவில் பெரியது என்பதைவிட, ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் கூடுதல் ஏற்றத்தைப் பெறும் இறக்கை என்பதே பொருத்தம்.

நீட்டத்தின் பயன்

ஏற்றத்தை உண்டாக்கும்போது இறக்கை முனைகளில் காற்று சுழல்களாகச் சுருள்கிறது. இச்சுழல்களுக்குச் செலவாகும் ஆற்றல் தூண்டிய இழுவையாக வெளிப்படுகிறது. ஒரே எடையிலும் ஒரே வேகத்திலும் தூண்டிய இழுவை இறக்கை நீட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். 25 அடிக்குப் பதிலாக 28 அடி நீட்டம் இருப்பதால், மற்றவை ஒத்திருப்பின் ஆர்வி-9 இன் தூண்டிய இழுவை ஏறத்தாழ 20 விழுக்காடு குறையும்.

மேலேறும்போதும், உயரத்தில் அடர்த்தி குறைந்த காற்றில் பறக்கும்போதும், பொறி நின்று மிதந்து இறங்கும்போதும் தூண்டிய இழுவை மிகுந்த பங்கு வகிக்கிறது. அதனால்தான் ஆர்வி-9 குறைந்த திறனுள்ள பொறியைக் கொண்டும் நன்கு மேலேறுகிறது. விரைவாகப் பறக்கும்போது தூண்டிய இழுவையின் பங்கு சுருங்கி, உடற்பரப்பின் உராய்வே முதன்மை பெறுகிறது. எனவே ஒரே 160 குதிரைத்திறன் பொறியைப் பொருத்தினால் இரண்டின் உச்ச வேகங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இராது. ஆர்வி-7 இன் வேக மேன்மை பெரும்பாலும் அதற்கு அனுமதிக்கப்பட்ட பெரிய பொறியினால் வருவதாகும்.

வான்சாகசமும் வலிமையும்

ஆர்வி-7 ஆனது 726 கிலோகிராம் (1,600 பவுண்டு) எடைவரை, புவியீர்ப்பின் 6 மடங்கு நேர்ச்சுமையையும் 3 மடங்கு எதிர்ச்சுமையையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. சுழற்சி, வளையம் முதலிய சாகசங்களை இவ்வெல்லைக்குள் செய்யலாம். ஆர்வி-9 வான்சாகசத்துக்காக வடிவமைக்கப்படவில்லை. நீண்ட இறக்கையின் வேர்ப்பகுதியில் வளைப்புத் திருப்புமை அதிகம். அதனை 6 மடங்குச் சுமைக்கு வலுப்படுத்தினால் எடை கூடி, மாதிரியின் நோக்கமே கெட்டுவிடும்.

ஆர்வி-7 இன் சாகச எல்லை எடையைப் பொறுத்தது என்பது பலரால் கவனிக்கப்படுவதில்லை. வெற்று எடை சுமார் 1,100 பவுண்டு எனக் கொண்டால், சாகசப் பறப்பில் ஆட்களுக்கும் எரிபொருளுக்குமாக எஞ்சுவது 500 பவுண்டு, அதாவது 227 கிலோகிராம். தலா 80 கிலோகிராம் எடையுள்ள இருவர் அமர்ந்தால் மீதமுள்ளது 67 கிலோகிராம் மட்டுமே. எரிபொருளும் பாரசூட்டுகளும் இதற்குள் அடங்க வேண்டும். எரிபொருள் தாங்கிகளை நிரப்பினால் அதுவே சுமார் 114 கிலோகிராம் ஆகிவிடும். எனவே இருவருடன், தாங்கிகள் நிறைந்த நிலையில் இது சாகச வானூர்தி அன்று.

பாதுகாப்பு

தரையிறங்கும் வேகம் உயிர்பிழைத்தலோடு நேரடித் தொடர்புடையது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பொறி நின்று வயலில் இறங்க நேரிட்டால், ஒரே எடைக்கு 58 மைல் வேகத்தில் உள்ள ஆற்றல் 50 மைல் வேகத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 35 விழுக்காடு அதிகம். நிற்பதற்குள் அவ்வாற்றல் முழுவதையும் தரையும் வானூர்தியின் உடலும் அமர்ந்திருப்பவர்களும் ஏற்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தனிநபர்களால் கட்டப்படும் வானூர்திகளைப் பற்றிய ஆய்வறிக்கையொன்றை 2012 இல் வெளியிட்டது. பறப்பின்போது கட்டுப்பாட்டை இழத்தலும் பொறிக் கோளாறுமே விபத்துகளில் மிகப் பெரும்பங்கு வகிப்பதாகவும், கட்டி முடித்த தொடக்கக்காலப் பறப்புகளில் விபத்துகள் கூடுதலாக நிகழ்வதாகவும் அது கூறியது. தரையிறங்குவதற்கு முன்னர் ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் திருப்பம் இவ்வகையில் இடர்மிக்கது. 45 பாகை சாய்வில் உயரம் குறையாமல் திரும்பும்போது ஸ்டால் வேகம் சுமார் 19 விழுக்காடு உயரும். பிளாப் இறக்கிய நிலையில் ஆர்வி-7 க்கு இது ஏறத்தாழ 69 மைல், ஆர்வி-9 க்கு 59 மைல். இந்த 10 மைல் வேறுபாடு புதிய விமானிக்குக் கிடைக்கும் கூடுதல் காப்பெல்லையாகும்.

எனினும் ஆர்வி-9 ஐ எந்நிலையிலும் பாதுகாப்பானது எனக் கருதலாகாது. அதன் குறைந்த இழுவையே தரையிறங்கும்போது இடையூறாகலாம். அணுகு வேகம் சற்றுக் கூடினாலும் வானூர்தி ஓடுதளத்தின் மேல் நெடுந்தொலைவு மிதந்து செல்லும்.

மற்றோர் எல்லை மீறக்கூடாத வேகம். ஃபிளட்டர் எனப்படும் அதிர்வில், காற்று இறக்கைக்கோ வாலுக்கோ தொடர்ந்து ஆற்றலை ஊட்ட, அது சில நொடிகளில் முறிந்துவிடக்கூடும். இந்நிறுவனத்தின் வானூர்திகளில் இவ்வெல்லை காற்றுக்குச் சார்பான உண்மை வேகத்தில் கணக்கிடப்படுகிறது. வேகமானியின் அளவீடு இதனைக் காட்டாது. 15,000 அடி உயரத்தில் வேகமானி 170 மைல் காட்டும்போது, திட்ட வளிமண்டலத்தில் உண்மை வேகம் சுமார் 214 மைல் ஆகும். இது ஆர்வி-9 இன் 210 மைல் எல்லையைத் தாண்டியதாகும். கருவி பார்வைக்குப் பாதுகாப்பான அளவையே காட்டிக்கொண்டிருக்கும். ஆர்வி-9 இல் 160 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட பொறியைப் பொருத்த நிறுவனம் பரிந்துரைக்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். எனினும் சோதனை வகைச் சான்றிதழ் கட்டுபவருக்கு மிகுந்த உரிமையை அளிப்பதால், சிலர் இப்பரிந்துரையை மீறுவதுண்டு.

ஏ வகைகளின் மூக்குச்சக்கரம் இரு மாதிரிகளுக்கும் பொதுவான கவலையாக இருந்தது. மேடுபள்ளமான தரையில் சக்கரத்தைத் தாங்கும் கவையின் முற்பகுதி நிலத்தில் குத்தி, வானூர்தி தலைகீழாகக் கவிழ்ந்த நிகழ்வுகள் உண்டு. நிலத்திலிருந்து கூடுதல் இடைவெளி உள்ள கவையை நிறுவனம் பின்னர் வெளியிட்டது. வாற்சக்கர வகையில் இச்சிக்கல் இல்லை. ஆனால் தரையில் ஓடும்போது திசை தவறிச் சுழலும் இயல்பு அதற்கு உண்டு என்பதால், தனிப்பயிற்சி தேவை.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவில் இவை தனிநபர் கட்டிய சோதனை வானூர்தி என்னும் வகையில் பதியப்படுகின்றன. இதற்கு வேலையின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும். இது 51 விழுக்காட்டு விதி எனப் பரவலாக அறியப்படுகிறது. கட்டியவர் தாம் கட்டிய வானூர்திக்கு ஆண்டுச் சோதனை செய்யும் சான்றிதழைப் பெறலாம். வானூர்தியை விற்றால் இவ்வுரிமை வாங்கியவருக்குச் செல்வதில்லை. முதற்கட்டச் சோதனைப் பறப்பு, பொருத்திய பொறியையும் புரொப்பெல்லரையும் பொறுத்து, வழக்கமாக 25 அல்லது 40 மணிநேரம் வரையறுக்கப்பட்ட வான்பரப்புக்குள் நடத்தப்படும்.

2023 ஆம் ஆண்டின் நிகழ்வுகள்

நிறுவனம் தேவை மிகுதியின் காரணமாகச் சில தகடுகளின் துளைகளை லேசர் முறையில் வெட்டுவித்தது. அத்துளைகளின் விளிம்புகளில், ரிவெட் தலைக்காகக் குழி அமைக்கும்போது விரிசல்கள் தோன்றியதாகக் கட்டுபவர்கள் முறையிட்டனர். பாகங்களை மாற்றித்தருவதற்கான செலவும் பிற நிதிச் சிக்கல்களும் சேர்ந்து, நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோர நேர்ந்தது. கிட் விலைகள் உயர்த்தப்பட்டு, முன்பே பணம் செலுத்தியவர்களும் கூடுதல் தொகை செலுத்த வேண்டியதாயிற்று. 2024 இல் மறுசீரமைப்புத் திட்டம் ஏற்கப்பட்டு நிறுவனம் இயக்கத்தைத் தொடர்ந்தது. கட்டுபவர் பல ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் பாகங்களைச் சார்ந்திருக்க வேண்டியுள்ளமையை இந்நிகழ்வு வெளிக்காட்டியது.

தெரிவு

சுமைத்திறனில் இரண்டும் ஏறத்தாழச் சமம். வழக்கமான வெற்று எடைகளைக் கழித்தால் இரண்டிலும் சுமார் 700 பவுண்டு (318 கிலோகிராம்) எஞ்சும். எனவே இருவர், பயணப்பொதி, எரிபொருள் என்ற கணக்கில் ஒன்று மற்றதைவிட மேலானது எனக் கூற இயலாது.

உண்மையான தெரிவு ஒரு கேள்வியில் அடங்கும். சாகசப் பறப்பைத் தவறாமல் செய்பவருக்கு ஆர்வி-7 மட்டுமே பொருந்தும். ஆர்வி-9 இல் அதனைச் செய்ய முயல்வது உயிருக்கு ஆபத்தாகும். என்றோ ஒருநாள் செய்யக்கூடும் என்னும் எண்ணத்தில் ஆர்வி-7 ஐத் தேர்ந்து, சாகசம் செய்யாமலே பறப்பவர், பயன்படுத்தாத வலிமைக்காக ஒவ்வொரு தரையிறக்கத்திலும் கூடுதல் வேகத்தை ஏற்றுக்கொள்கிறார். நெடும்பயணமும் குறுகிய ஓடுதளங்களும் சிறிய பொறியும் நோக்கமாயின் ஆர்வி-9 பொருத்தமானது.

இவற்றையும் பார்க்கவும்

- காற்றிதழ்
- ஏற்றம்
- இழுவை
- நீள அகல விகிதம்
- வானூர்தி